ஜீரோ, ஹரிக்கேன், ஹயபுசா: எதற்கு எந்தப் பெயின்ட், எவ்வளவு வெதரிங்?

போர்விமான மாடல் கட்டுகிறவர்கள் பெயின்ட் வாங்கப் போகும்போது கேட்கிற முதல் கேள்வி "எந்த பிராண்ட் நல்லது?" என்பதுதான். உண்மையில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டியது. முதலில் தெரிய வேண்டியது, அந்த விமானத்தின் பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பது. வெறும் அலுமினியமா, பிரைமர் என்னும் அடிப்பூச்சா, துணியா, மரமா? அடுத்தது, அது எங்கே, எவ்வளவு காலம் பறந்தது என்பது. வெதரிங் (தேய்ந்து பழசான தோற்றம் கொடுப்பது) அதைப் பொறுத்தது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் சிப்பிங் (பெயின்ட் உரிந்தது போலக் காட்டுவது) முறை முடிவாகிவிடும். சிப்பிங் முறை முடிவானால் பெயின்ட் வகையும், பெயின்ட் வகை முடிவானால் வாஷும் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த நிறம்) முடிவாகிவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால்தான் எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் ஒரே மாதிரி வெள்ளிப் புள்ளிகள், ஒரே மாதிரி கறுத்த பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் கோடுகள்) என்று வந்து நிற்கிறது.

இங்கே மூன்று விமானங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டும் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்புக்கு மேலே மோதிக்கொண்டவை: ஜப்பானியக் கப்பற்படையின் ஜீரோ ஏ6எம்2, பிரிட்டிஷ் விமானப்படையின் ஹரிக்கேன். மூன்றாவது, ஜப்பானியத் தரைப்படையின் கி-43 ஹயபுசா, அதிலும் 1943-44இல் நியூகினியில் இருந்த இரண்டாம் மாடல். மூன்றும் வெயிலும் ஈரமும் நிறைந்த இடங்களில் பறந்தவைதான். ஆனால் மூன்றும் தேய்ந்த விதம் வேறு வேறு. ஒன்றுக்குச் சரியான முறை இன்னொன்றுக்குப் பொய்யாகிவிடும்.

அடியில் என்ன இருந்தது

ஹயபுசாவில் இருந்து தொடங்குவது எளிது. ஜப்பானியத் தரைப்படை விமானங்கள் பல, தொழிற்சாலையில் இருந்து பெயின்ட் இல்லாமல் வெறும் உலோகமாகவே வெளியே வந்தன. பச்சை நிறம் போர்முனைக்குப் போன பிறகு மேலே பூசப்பட்டது. திட்டுத்திட்டாகப் பூசியவை உண்டு, மேல்பாகம் முழுக்கப் பூசியவையும் உண்டு. அடியில் பிரைமர் கிடையாது. பிரைமர் இல்லாத அலுமினியத்தில் பெயின்ட் பிடிப்பில்லாமல்தான் உட்காரும். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்க, பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வது போலப் பொருக்குப் பொருக்காக வந்துவிட்டது. எனவே கி-43இல் பளிச்சென்ற வெள்ளித் திட்டுகள் பெரிதாக, ஏராளமாக இருப்பது நியாயமே. ஒரே விதிவிலக்கு, துணி பொதிந்த கட்டுப்பாட்டுப் பரப்புகள். அங்கே உலோகம் தெரிய வழியே இல்லை. சுக்கானில் வெள்ளிக் கீறல் போட்டால் மொத்த வேலையும் கெட்டுவிடும்.

ஜீரோ இதற்கு நேரெதிர். அதன் இறக்கைச் சட்டத்தில் பயன்பட்ட சுமித்தோமோ நிறுவனத்தின் புதிய உலோகக் கலவை வலுவானது, ஆனால் எளிதில் அரிக்கப்படக்கூடியது. விமானமோ கடல் காற்றிலேயே வாழ வேண்டியது. தொழிற்சாலையிலேயே நல்ல பூச்சு கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பசுஞ்சாம்பல் பூச்சு கெட்டியானது, கொஞ்சம் மினுமினுப்பானதும்கூட. கொழும்புக்கு வந்த ஜீரோக்களின் கப்பல்கள் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர், அவற்றில் மூன்று 1942 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் என்று சுற்றிவிட்டு வந்தவை. வெப்பமண்டல வெயிலில் நிறம் வெளுத்திருக்கும், எஞ்சின் எண்ணெய் கசிந்து அடிவயிறு அழுக்காகியிருக்கும். பெயின்ட் பொருக்காக உதிர்ந்திருக்காது. கப்பலில் தினமும் துடைத்துப் பராமரிக்க ஆட்களும் இருந்தார்கள்.

ஜீரோவிலேயே இன்னொரு கதையும் உண்டு. 1943இல் தென் பசிபிக்கின் ஜப்பானியத் தளமான ரபவுலில் இருந்த சாம்பல் நிற ஜீரோக்களுக்கு மேலே, தளத்திலேயே பச்சை பூசினார்கள். ஜப்பானியக் கப்பற்படை விமானி நிஷிஸாவா ஹிரோயோஷியின் யுஐ-105 எண் கொண்ட விமானத்தை 1943 மே மாதம் வானில் எடுத்த படம் பிரபலமானது. அதில் அந்தத் திட்டுப் பச்சை நன்றாகத் தெரியும். அந்த வகை ஜீரோவில் பச்சை உதிர்ந்தால் அடியில் முதலில் தெரிவது சாம்பல், வெள்ளி அல்ல. இதைக் கவனிக்காமல் வெள்ளிக்கு மேலே நேராகப் பச்சை அடித்து உரிக்கிறவர்கள் ஜீரோவை அறியாமலேயே ஹயபுசாவாக ஆக்கிவிடுகிறார்கள்.

ஹரிக்கேன்தான் மூன்றிலும் சுவாரசியமானது. மூக்கில் எஞ்சினை மூடுவது உலோகத் தகடு. இறக்கைகள் ஆரம்பத்தில் துணியாக இருந்து, பிறகு உலோகமாயின. காக்பிட்டுக்குப் பின்னால் வால் வரைக்கும் எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மர வளைவுகளும் நீளச் சட்டங்களும், அதற்கும் மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. வால் பரப்புகளும் துணியே. துணியை இறுக்க முதலில் செந்நிற டோப் (துணிக்கான பூச்சு), வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்க அதன் மேல் அலுமினியத் தூள் கலந்த டோப், அதற்கும் மேல்தான் கேமஃப்ளாஜ் (மறைப்பு நிறங்கள்). ஆக, ஒரே விமானத்தில் முன்பாதி ஒரு மாதிரி தேயும், பின்பாதி வேறு மாதிரி தேயும். பின்பாதியில் கீறல் விழுவதில்லை. நிறம் மங்கும், அழுக்குப் பிடிக்கும், ஒட்டுப் போட்ட துணித் துண்டு புதுப் பெயின்ட்டோடு துருத்திக்கொண்டு தெரியும். புரொப்பெல்லரையும் பாருங்கள். ஹரிக்கேனுக்குப் பொருத்திய ரோட்டால் புரொப்பெல்லர்களில் பலவற்றின் அலகுகள் அழுத்திச் செய்த மரம். கிட்டில் எந்த வகை புரொப்பெல்லர் இருக்கிறது என்று பார்க்காமல் நுனியில் வெள்ளி தீட்டிவிடாதீர்கள்.

சிப்பிங்: ஹேர்ஸ்பிரேயா, ஸ்பாஞ்சா, பென்சிலா

முறைகளை எடை போடும் முன் ஒரு சின்னக் கணக்கு. 1/72 அளவில் அரை மில்லிமீட்டர் கீறல் உண்மை விமானத்தில் 36 மில்லிமீட்டர். 1/48இல் அதே கீறல் 24 மில்லிமீட்டர். மெல்லிய தூரிகையால் போடுகிற ஒரு சின்னப் புள்ளி, நிஜத்தில் தீப்பெட்டி அகலத்துக்குப் பெயின்ட் போனதற்குச் சமம். 1/72 கட்டுகிறவர்கள் பாதி சிப்பிங்கை மனசுக்குள்ளேயே ரத்து செய்துவிடலாம்.

ஹேர்ஸ்பிரே முறை ஹயபுசாவுக்கென்றே அமைந்தது. முதலில் வெள்ளி. டமியாவின் ஏஎஸ்-12 ஸ்பிரே கேன் இதற்கு அருமையான அடித்தளம். லாக்கர் (கடுமையான கரைப்பானில் கரையும் பெயின்ட்) வகை என்பதால் தண்ணீரும் தேய்ப்பும் அதை ஒன்றும் செய்யாது. ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அதன் மேல் சாதாரண ஹேர்ஸ்பிரே, தூரத்தில் இருந்து இரண்டு மெல்லிய பூச்சு. கிட்டே வைத்து அடித்தால் துளித்துளியாகத் திரண்டு நிற்கும். கால் மணி நேரம் கழித்து டமியா அக்ரிலிக் பச்சை. அப்புறம் அதிகம் தாமதிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் வேலையில் இறங்கினால் நல்லது, ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் வந்தால் பெயின்ட் பிடிவாதம் பிடிக்கும். பழைய தட்டைத் தூரிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, இறக்கையின் மேல்பக்கத்தில் ஒரு பேனலை மட்டும் ஈரமாக்குங்கள். அரை நிமிடம் சும்மா விடுங்கள். தண்ணீர் பெயின்ட்டுக்குள் ஊறி ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கிற நேரம் அது. பிறகு முடியைக் கட்டையாக வெட்டிய தூரிகையின் நுனியால் பேனல் விளிம்பில் லேசாகக் குத்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. நான்கைந்து குத்தில் விளிம்பு ஓரமாக ஒரு செதில் நழுவும், அடியில் வெள்ளி மின்னும். அந்தச் செதிலின் ஓரம் கையால் எவ்வளவு முயன்று வரைந்தாலும் வராத ஒழுங்கின்மையோடு இருக்கும். இந்த முறைக்கு இவ்வளவு ரசிகர்கள் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மேலே அடிக்கிற பெயின்ட் தண்ணீரை உள்ளே விட வேண்டும். லாக்கர் பெயின்ட் விடாது. டமியா அக்ரிலிக்கையே லாக்கர் தின்னரில் கலந்து அடித்தால் படலம் அழகாக வரும், ஆனால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிப்பிங்குக்கு முரண்டு பிடிக்கும். எக்ஸ்-20ஏ தின்னரிலோ தண்ணீரிலோ கலப்பதே இங்கே சரி. வாயேஹோ போன்ற நீர்வகை அக்ரிலிக்குகள் வேறு விதத்தில் தொல்லை. அவை ரப்பர் தோல் மாதிரி படலமாகும். செதிலாக உதிராமல் சில இடத்தில் துண்டாகவே உரிந்து வரும்.

இன்னொரு சங்கடம் டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம்). ஹேர்ஸ்பிரேயில் பச்சை முழுக்கப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கும், அதன் மேல் ஒட்டிய சிவப்பு வட்டம் மட்டும் நேற்று அச்சடித்தது போல முழுசாக இருக்கும். பார்த்தவுடனே உறுத்தும். ஹயபுசாவை இந்த வழியில் செய்வதானால் ஹினோமாரு வட்டத்தையும் மாஸ்க் வைத்து அடித்துக்கொள்வதே நல்லது. வட்டம் வெட்டும் கட்டர் ஒன்றும் மாஸ்கிங் டேப்பும் போதும். வட்டத்தை ஹேர்ஸ்பிரே அடித்த வெள்ளியின் மேலேயே, பச்சையோடு அதே கட்டத்தில் அடித்தால் அதுவும் சேர்ந்து தேயும்.

உப்பு முறையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிப் பரப்பை ஈரமாக்கி, நுணுக்கிய உப்பைத் தூவி, காய்ந்ததும் மேலே பெயின்ட் அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து எடுப்பது. எந்தப் பெயின்ட்டோடும் வேலை செய்யும், லாக்கரோடும்கூட. ஆனால் உப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் கீறல். கட்டுப்பாடு உங்கள் கையில் இல்லை. கீறலின் வடிவமும் செதில் மாதிரி இல்லாமல் மணி மணியாக வரும். இதே முறையை வெள்ளிக்கு மேலே அல்லாமல், ஒரே நிறத்தின் இரண்டு சாயல்களுக்கு இடையே பயன்படுத்தினால் வெயிலில் வெளுத்த பரப்புக்கு நன்றாக இருக்கும். ஹரிக்கேனின் துணிப் பகுதிக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஸ்பாஞ்சு முறை ஹரிக்கேனின் முன்பாதிக்கு. கிட் பெட்டிக்குள் வருகிற மெத்தை ஸ்பாஞ்சில் ஒரு கிள்ளு எடுத்து, பெயின்ட்டில் தொட்டு, தாளில் ஒற்றி ஒற்றி, கிட்டத்தட்ட ஒன்றும் இல்லாத அளவுக்கு வந்த பிறகுதான் மாடலில் வைக்க வேண்டும். நிறம் தூய வெள்ளியாக இருக்க வேண்டாம். வெள்ளியில் கொஞ்சம் கருஞ்சாம்பல் கலந்தால் பழைய அலுமினியம் கிடைக்கும். எங்கே வைப்பது? எஞ்சின் மூடித் தகடுகளின் விளிம்பு, துப்பாக்கிப் பெட்டிகளின் மூடிகள், இறக்கையின் முன்விளிம்பு, இடது இறக்கை வேர். ஹரிக்கேனில் விமானி இடதுபுறம், கீழே இழுத்துவிடும் படியில் கால் வைத்து ஏறுவார். ஜீரோவிலும் ஏறுவது இடதுபுறமே. இரண்டு பக்க இறக்கை வேரையும் சமமாகத் தேய்த்து வைத்த மாடல்களைப் பார்க்கும்போது, இவர் படத்தையே பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

ஹரிக்கேனுக்கு இன்னொரு அடையாளம், துப்பாக்கி வாய்களில் டோப் போட்டு ஒட்டிய துணித் துண்டுகள். தூசியும் ஈரமும் உள்ளே போகாமல் இருக்க ஒட்டுவார்கள். ஒரு தடவை சுட்டால் கிழிந்துவிடும். துண்டு முழுசாக இருக்க, அதன் பின்னால் கறுப்புப் புகைத் தடம் நீளமாகப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜீரோவுக்கு வெள்ளிப் பென்சில் போதும். கலைப்பொருள் கடையில் கிடைக்கும் வெள்ளி நிறப் பென்சிலை நன்றாகச் சீவி, மூக்கு மூடியின் பிடிப்பான்களைச் சுற்றியும் இடது இறக்கை வேரிலும் தொட்டுத் தொட்டு வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஈர விரலால் துடைத்துவிடலாம். மற்ற எந்த முறையிலும் இந்த வசதி இல்லை. பளபளப்பான பரப்பில் பென்சில் வழுக்கும் என்பதால் அரைமங்கல் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்த பிறகு செய்வது நல்லது.

பெயின்ட்

இப்போதுதான் பிராண்ட் கேள்விக்கு வர முடிகிறது. ஹேர்ஸ்பிரே என்றால் மேல்பூச்சு டமியா அக்ரிலிக் அல்லது மிஸ்டர் ஹாபி அக்வியஸ். வேறு வழி தேட வேண்டாம். பென்சிலோ ஸ்பாஞ்சோ என்றால் எதுவும் சரி. அப்படியானால் நான் லாக்கர் பக்கம்தான்: மிஸ்டர் கலர், டமியா எல்பி இரண்டில் எதுவும். படலம் மெல்லியது, பேனல் கோடுகளை மூடாது, கால் மணியில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும், மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது கூடவே வராது. பின்னால் எந்த வாஷ் போட்டாலும் அசையாது.

லாக்கரின் விலை அதன் நெடி. துணி மாஸ்க் ஒரு பயனும் தராது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டரும், வெளியே காற்றைத் தள்ளுகிற விசிறியும் இல்லாமல் தொடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், ஒரே அறை என்றால், வாயேஹோ மாதிரி நீர்வகையே சரியான முடிவு. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். தூரிகையால் பூச அதைப் போல டமியா அக்ரிலிக் வராது. டமியாவை இரண்டாவது தடவை தூரிகையால் தொட்டாலே அடிப்பூச்சு கலங்கும். நம் ஊர் வெயிலில் நீர்வகை அக்ரிலிக் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) நுனியிலேயே காய்ந்து அடைக்கும், காய்வதைத் தாமதிக்கும் ரிட்டார்டர் சில துளி சேர்த்துக்கொள்ளுங்கள். லாக்கருக்கு மழைக்காலம் எதிரி. காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அடித்தால் படலத்தில் வெண்புகை மாதிரி படியும். மிஸ்டர் லெவலிங் தின்னர் மெதுவாக ஆவியாவதால் ஓரளவு காப்பாற்றும். அடைமழை நாளில் கிளியர் கோட்டை மட்டும் தள்ளிப் போடுங்கள்.

ஹம்ப்ரால் எனாமல் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பழக்கப்பட்டவர்கள் அற்புதமாகச் செய்கிறார்கள். ஆனால் காய நேரம் அதிகம், மேலே எனாமல் வாஷோ எண்ணெய் வர்ணமோ போட்டால் அடிப்பூச்சைக் கரைத்துவிடும். வெதரிங்தான் நோக்கம் என்றால் எனாமலில் தொடங்க வேண்டாம்.

ஏர்பிரஷ் இல்லாதவர் என்ன செய்வது? இங்கேதான் வழக்கமான அறிவுரையோடு நான் ஒத்துப்போகவில்லை. "முதலில் எளிமையான ஒற்றை நிற ஜீரோ, பிறகு கஷ்டமான ஹயபுசா" என்பார்கள். ஜீரோவுக்கு டமியா ஏஎஸ்-29 ஸ்பிரே கேன் இருக்கிறது, உண்மைதான். பெயின்ட் அடிப்பது எளிது. ஆனால் அந்த வெளிர் நிறத்தில், மினுமினுப்பில், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இணைப்பில் விட்ட சின்னப் பள்ளம், தூசி, பசைத் தடம் எல்லாம் தெரியும். குறைவான வெதரிங் என்பது குறைவான வேலை அல்ல. ஹயபுசாவுக்கு ஏஎஸ்-12 கேன், ஒரு ஹேர்ஸ்பிரே கேன், பச்சை டப்பா ஒன்று. திட்டுகளை ஸ்பாஞ்சாலோ தூரிகையாலோகூட வைக்கலாம். நிஜத்திலும் போர்முனையில் அவசரமாகப் பூசியதுதானே. கை தவறினால் அந்த இடத்தையே உரித்துவிட்டால் போகிறது. முதல் முயற்சிக்கு ஹயபுசா மாதிரி மன்னிக்கிற விமானம் இல்லை.

ஹரிக்கேனின் இரு நிற கேமஃப்ளாஜுக்கு எல்லைக் கோடு முக்கியம். 1/72இல் அது கிட்டத்தட்டக் கூர்மையாகவே இருக்க வேண்டும். புளூடாக்கை (ஒட்டும் பிசைபொருள்) மெல்லிய கயிறாக உருட்டி ஓரத்தில் வைத்து அடித்தால் லேசான மென்மை கிடைக்கும். தூரிகைக்காரர்களுக்கு அந்தக் கவலையே இல்லை, கூரான எல்லை தானாகவே வரும்.

நிறம் வெளுப்பது: முன்னாலா, பின்னாலா

பேனல் கோடுகளில் முதலில் கறுப்பு அடித்து, மேலே மெல்லியதாக நிறம் அடிப்பது பிரீஷேடிங். பல ஆண்டுகளாக எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். சாம்பல் ஜீரோவில் இதைச் செய்தால் இறக்கை முழுக்க மெத்தை தைத்த மாதிரி சதுரம் சதுரமாகத் தெரியும். எந்த விமானமும் அப்படி இருந்ததில்லை. வெயில் பேனல் பார்த்துக் காய்வதில்லையே.

மார்பிளிங் அதைவிட நல்லது. கறுப்பு அல்லது கருஞ்சாம்பல் அடிப்பூச்சின் மேல், அசல் நிறத்தில் ஒழுங்கில்லாத மெல்லிய கிறுக்கல்கள் போட்டு, பிறகு மேலே சன்னமாக மூடுவது. இது ஹரிக்கேனின் பச்சை, மண் நிறங்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஏர்பிரஷ் கட்டாயம், அதுவும் 0.3 மில்லிமீட்டர் ஊசியும் குறைந்த அழுத்தமும் பழகியிருக்க வேண்டும்.

ஜீரோவுக்கு நான் தேர்ந்தெடுப்பது எண்ணெய் வர்ணம். ஸ்பிரே கேனில் அடித்தவர்களுக்கும் இது ஒன்றே வழி. ஓவியர்கள் பயன்படுத்தும் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், பழுப்பு ட்யூப்களைக் கொஞ்சம் அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால், அதிகப்படியான எண்ணெயை அட்டை குடித்துவிடும். ஊசிமுனை அளவு புள்ளிகளாக ஒரு பேனலில் ஆறேழு வையுங்கள். மணமில்லா டர்பன்டைனில் தூரிகையைத் தொட்டு, துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் இழுங்கள். இறக்கையில் முன்னிருந்து பின்னாக, உடற்பகுதியில் மேலிருந்து கீழாக. ஐந்தாறு இழுப்பில் புள்ளி மறைந்து, நிறம் மட்டும் ஒரு சாயலாகத் தங்கும். பக்கத்துப் பேனலில் ஓக்கரைக் கூட்டி வெள்ளையைக் குறையுங்கள். துணி பொதிந்த சுக்கானிலும் எலிவேட்டரிலும் கொஞ்சம் வேறு சாயல் கொடுங்கள். துணியும் உலோகமும் ஒரே பெயின்ட்டை ஒரே மாதிரி வைத்துக்கொள்வதில்லை.

வாஷ்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டமியாவின் பேனல் லைன் அக்சன்ட் எனாமல் வகை. மூடியிலேயே தூரிகை இருக்கும், கோட்டில் தொட்டால் தானாக ஓடும். அக்ரிலிக், லாக்கர் இரண்டின் மேலும் பாதுகாப்பானது, அடியில் பளபளப்பான கிளியர் இருந்தால் துடைப்பது எளிது. பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் மட்டும் தாராளமாக ஊற்றாதீர்கள். தின்னர் உள்ளே இறங்கி, இறுக்கத்தில் இருக்கிற லேண்டிங் கியர் கால் மாதிரியான பாகங்களை விரிசல் விட வைக்கும். களிமண் வகை நீர் வாஷுக்கு அந்த ஆபத்து இல்லை, நெடியும் இல்லை. ஈரத் துணியால் முழுக்கத் துடைத்து மறுபடி தொடங்கலாம். நெடி பிடிக்காதவர்கள் தயங்காமல் அதற்குப் போகலாம்.

நிறம்தான் முக்கியம். சாம்பல் ஜீரோவுக்குக் கறுப்பு வாஷ் வேண்டாம், அடிநிறத்தைவிடக் கொஞ்சம் கருத்த பழுப்புச் சாம்பல் போதும். ஹரிக்கேனின் துணிப் பகுதியில் பேனல் கோடே கிடையாது, நீளச் சட்டங்களுக்கு இடையே உள்ள மெல்லிய பள்ளங்களில் வாஷைத் தேக்கினால் எலும்புக்கூடு மாதிரி ஆகிவிடும். அங்கே வாஷே வேண்டாம். ஹயபுசாவில் வெள்ளி தெரிகிற அடிப்பாகத்துக்கு மட்டும் கருஞ்சாம்பல் நன்றாக இருக்கும்.

கடைசிக் கிளியர்

மங்கல் கிளியர் அடித்தால் எல்லா வேறுபாடும் ஒரு படி குறையும், நிறம் வெளிறும். ஹரிக்கேனுக்கு அது தேவை. பிரிட்டிஷ் கேமஃப்ளாஜ் மங்கலானதே. எனவே அதற்கு முன்னால் வாஷையும் எண்ணெயையும் கொஞ்சம் தூக்கலாகவே விடுங்கள். தூசிப் பொடியை மங்கல் கிளியருக்குப் பிறகு போடுங்கள், சக்கரத்திலும் அடிவயிற்றிலும் மட்டும். ஜீரோவுக்கு அரைமங்கல். ஹயபுசாவுக்கு இரண்டும் வேண்டும்: பச்சை மங்கலாகவும், தெரிகிற உலோகம் மினுமினுப்பாகவும் இருக்க வேண்டும். முழுக்க மங்கல் அடித்தால் வெள்ளி செத்துப்போய்ச் சாம்பலாகிவிடும். அரைமங்கலை மெல்லியதாக அடித்து நிறுத்திக்கொள்வது ஒரு சமரசம்.

கிட் விஷயத்தில், 1/48 ஜீரோவுக்கு டமியாவும் எட்வார்டும் நல்ல கிட் தருகின்றன, 1/48 ஹயபுசாவுக்கு ஹசேகாவா, 1/72 ஹரிக்கேனுக்கு ஏர்ஃபிக்ஸ் அல்லது போலந்தின் ஆர்மா ஹாபி. ஹேர்ஸ்பிரே முறைக்கு 1/48 வசதி. 1/72இல் செதில் பெரிதாகிவிடும் ஆபத்து கூடவே இருக்கும்.

படம் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒன்று. ஹயபுசாவின் உரிந்த பெயின்ட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் படங்களில் பல, நியூகினியின் ஜப்பானியத் தளங்களான வேவாக்கிலும் ஹொலாண்டியாவிலும் குண்டடி பட்டுத் தரையில் கிடந்த விமானங்களின் படங்கள். ஹொலாண்டியாவில் அமெரிக்கப் படைகள் இறங்கியது 1944 ஏப்ரல் 22. அதற்கு முன்பே நொறுங்கி, மழையில் கிடந்த விமானம் எவ்வளவு உரிந்திருக்கும் என்பதும், அதே மாதம் பறந்துகொண்டிருந்த விமானம் எவ்வளவு உரிந்திருக்கும் என்பதும் ஒன்றல்ல. சக்கரம் தரையில் நேராக நிற்கிற, புரொப்பெல்லர் வளையாத, பக்கத்தில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிற படத்தைத் தேடி எடுத்து, அதில் தெரிகிற அளவுக்கு உரித்தால் போதும்.